காரின் கம்ப்யூட்டர் தரும் எர்ரர் மெசேஜ்: பி0183 என்றால் என்ன?

கம்ப்யூட்டர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது மானிட்டர், கீ போர்டு, மவுஸ் ஆகியவைதான். ஆனால் வீட்டு வாசலில் நிற்கும் காருக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்கு மானிட்டர் கிடையாது. ஏதேனும் கோளாறு ஏற்பட்டால், டேஷ்போர்டில் இன்ஜின் வடிவில் ஒரு மஞ்சள் விளக்கை எரியவிட்டுவிட்டு, கோளாறுக்கான எண்ணைத் தன் மெமரியில் எழுதி வைத்துக் கொள்ளும். அந்த எண்ணை உங்கள் லேப்டாப்பிலேயே படிக்கலாம். படிப்பது எளிது. படித்த பிறகு எதைச் சோதிப்பது, எதை மாற்றக்கூடாது என்று முடிவு செய்வதில்தான் பலருக்குப் பணம் வீணாகிறது. ஒரே ஒரு சென்சாரை எடுத்துக் கொண்டு அதை இந்தப் பாடத்தில் பார்க்கலாம்.

நான் வசிப்பது செம்பரம்பாக்கத்தில். இங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் நோக்கிச் சென்றால், 1998ல் சான்ட்ரோ காரை வெளியிட்ட இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் தொழிற்சாலை வரும். ஒரகடம் பக்கம் திரும்பினால் 2010ல் தொடங்கிய ரெனோ-நிசான் தொழிற்சாலை, 2012ல் தொடங்கிய பாரத்பென்ஸ் லாரி தொழிற்சாலை, வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் மத்திய அரசின் ஆய்வு மையம் என வரிசையாக இருக்கின்றன. இவற்றுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிச் செல்லும் டீசல் கார்களும் வேன்களும் இரவு பகலாக எங்கள் சாலையில் ஓடுகின்றன. அந்த வண்டிகளில் அடிக்கடி பேசப்படும் கோளாறுகளில் ஒன்றுதான் ஃப்யூயல் டெம்பரேச்சர் சென்சார் சர்க்யூட், அதாவது எரிபொருளின் வெப்பத்தை அளக்கும் சென்சாரும் அதன் வயர்களும்.

டீசலின் சூட்டை ஏன் அளக்க வேண்டும்?

காமன் ரெயில் என்ற வகை டீசல் இன்ஜின்களில் (2002ல் அக்சென்ட் காரில் சிஆர்டிஐ என்ற பெயரில் வந்ததும் இதுதான்) டீசலை ஒரு பம்ப் ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் ஒரு குழாயில் நிரப்பி வைக்கும். எந்த இன்ஜெக்டர் எப்போது, எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று தீர்மானிப்பது இசியு எனப்படும் காரின் கம்ப்யூட்டர். டீசல் சூடானால் விரிந்து, அடர்த்தி குறையும். 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் ஒரு லிட்டர் டீசலின் எடை 3 சதவீதத்துக்கும் சற்று அதிகமாகக் குறைகிறது. அதாவது, அதே நேரம் திறந்தாலும் உள்ளே போகும் எரிபொருள் குறைவு. இசியு இதைக் கணக்கில் கொண்டு திருத்திக் கொள்ள வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. பம்பின் உள் பாகங்களுக்கு டீசல்தான் மசகு எண்ணெய். டீசல் அளவுக்கு மீறிச் சூடானால் நீர்த்துப் போய் அந்த வழவழப்பு குறையும். எனவே பல கார்களில் டீசல் மிகவும் சூடாகிவிட்டால், பம்பைக் காப்பாற்ற இசியு இன்ஜினின் சக்தியைக் குறைத்துவிடும். சென்சார் தவறான தகவல் தந்தால்? பல இசியுக்கள் தமக்குள் எழுதி வைத்திருக்கும் ஒரு பொதுவான வெப்ப நிலையை எடுத்துக்கொண்டு வண்டியை ஓட்டும். சில கார்களில் வேகம் எடுப்பது குறையும். கன்டெய்னர் லாரிகள் நிறைந்த நெடுஞ்சாலையில் முந்திச் செல்லும்போது இழுவை குறைவது ஆபத்து. எனவே, "வண்டி ஓடுகிறதே" என்று விட்டுவிடக் கூடாது.

சென்சாருக்குள் என்ன இருக்கிறது?

பெரிய ரகசியம் எதுவும் இல்லை. தெர்மிஸ்டர் என்ற சின்னப் பொருள், அதிலிருந்து இரண்டு வயர்கள். சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். பரவலாகப் பயன்படும் ஒரு வகையின் அளவுகள் இதோ:

0 டிகிரி – 5,896 ஓம்
20 டிகிரி – 2,500 ஓம்
40 டிகிரி – 1,175 ஓம்
60 டிகிரி – 596 ஓம்
80 டிகிரி – 323 ஓம்

உங்கள் காரின் சென்சார் வேறு வகையாக இருக்கலாம். சரியான அளவுகளை அந்தக் காரின் சர்வீஸ் மேனுவலில் பார்க்க வேண்டும். ஆனால் சூடு ஏறினால் ஓம் குறையும் என்ற விதி மாறாது.

கம்ப்யூட்டருக்கு ஓம் என்றால் தெரியாது. அது வோல்டேஜைத்தான் அளக்கும். எனவே இசியு தன்னிடமுள்ள 5 வோல்ட்டை, உள்ளே இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சென்சாருக்கு அனுப்பும். அந்த ரெசிஸ்டர் 2,500 ஓம் என்று வைத்துக் கொள்வோம். 20 டிகிரியில் சென்சாரும் 2,500 ஓம். 5 வோல்ட் இரண்டாகப் பங்கிடப்பட்டு 2.5 வோல்ட் கிடைக்கும். 40 டிகிரியில் சுமார் 1.6 வோல்ட். 80 டிகிரியில் சுமார் 0.57 வோல்ட். இந்த வோல்டேஜை ஓர் எண்ணாக மாற்றி, மெமரியில் உள்ள அட்டவணையோடு ஒப்பிட்டு, "இவ்வளவு டிகிரி" என்று இசியு புரிந்து கொள்கிறது.

எக்ஸெல் தெரிந்தவர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். முதல் காலத்தில் ஏ2 செல் தொடங்கி மேலே உள்ள ஓம் அளவுகளை வரிசையாக டைப் செய்திடுங்கள். அடுத்த காலத்தில் =5*ஏ2/(ஏ2+2500) என்ற ஃபார்முலாவை (ஏ என்பதை ஆங்கில எழுத்தாக) அமைத்து, கீழே இழுத்துவிடுங்கள். வோல்டேஜ் வரிசையாக வந்துவிடும். இப்போது ஓம் அளவுக்குப் பதிலாக 0 போட்டுப் பாருங்கள். விடை 0 வோல்ட். மிகப் பெரிய எண்ணைப் போடுங்கள். விடை கிட்டத்தட்ட 5 வோல்ட். கோளாறு கண்டுபிடிக்கும் வித்தை முழுவதும் இந்த இரண்டு விடைகளில்தான் இருக்கிறது.

வயர் அறுந்து போனால் மின்தடை எல்லையற்றது. எனவே 5 வோல்ட். இசியுவுக்கு அது மைனஸ் 40 டிகிரி போலத் தெரியும். வயர் எங்காவது பாடியில் உரசி ஷார்ட் ஆனால் 0 வோல்ட். அப்போது கொதிக்கும் நீரை விடச் சூடான டீசல் போலத் தெரியும். செம்பரம்பாக்கத்தில் மைனஸ் 40 டிகிரி ஒருநாளும் வராது என்பது நமக்குத் தெரியும். இசியுவுக்கும் எல்லை அளவுகள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. எல்லை தாண்டினால் அது ஓர் எண்ணைக் குறித்து வைக்கும்.

பி0180 – சர்க்யூட்டில் பொதுவான கோளாறு
பி0181 – எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் நம்பும்படி இல்லை
பி0182 – வோல்டேஜ் மிகக் குறைவு (ஷார்ட்)
பி0183 – வோல்டேஜ் மிக அதிகம் (அறுந்த வயர், கழன்ற கனெக்டர்)
பி0184 – விட்டு விட்டு வரும் கோளாறு

இதில் எந்த வரியிலும் "சென்சாரை மாற்று" என்று இல்லை என்பதைக் கவனியுங்கள். "சர்க்யூட்" என்றுதான் இருக்கிறது. சர்க்யூட் என்றால் சென்சார், கனெக்டர், இரண்டு வயர்கள், இசியு எல்லாம் சேர்ந்தது. கீ போர்டு வேலை செய்யவில்லை என்றால் உடனே மதர் போர்டை மாற்றுவோமா? முதலில் கேபிளைத்தானே பார்ப்போம்!

லேப்டாப்பில் படிப்பது எப்படி?

இந்தியாவில் பி.எஸ். 4 கார்களுக்கு ஓபிடி என்ற சுய பரிசோதனை வசதி 2010 ஏப்ரலில் முதல் நிலையாகவும், 2013 ஏப்ரலில் இரண்டாம் நிலையாகவும் கட்டாயமாக்கப்பட்டது. எனவே அதற்குப் பின் வந்த கார்களில், ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின்கள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். இதில் பொருந்தும் எல்ம்327 வகை அடாப்டர்கள் யுஎஸ்பி, புளூடூத் என இரண்டு விதமாகவும் கிடைக்கின்றன.

1. காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, அடாப்டரைச் சாக்கெட்டில் செருகுங்கள். சாவியை ஆன் நிலையில் வையுங்கள். இன்ஜின் ஓட வேண்டாம்.

2. அடாப்டரை லேப்டாப்புடன் இணையுங்கள். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, போர்ட்ஸ் என்ற பிரிவில் காம் போர்ட் எண் என்ன என்று குறித்துக் கொள்ளுங்கள். மஞ்சள் ஆச்சரியக் குறி தெரிந்தால் டிரைவர் இன்ஸ்டால் ஆகவில்லை என்று பொருள்.

3. எக்ஸ்பியில் இருந்த ஹைப்பர் டெர்மினல் விஸ்டாவிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் புட்டி என்ற புரோகிராமைத் திறந்து, சீரியல் என்பதைத் தேர்ந்தெடுத்து, காம் போர்ட் எண்ணையும் வேகம் 38400 என்பதையும் தந்து ஓப்பன் அழுத்துங்கள். திரையில் குப்பை எழுத்துகள் வந்தால் 9600 அல்லது 115200 தந்து பாருங்கள்.

4. ஏ, டி, இஸட் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டுங்கள். அடாப்டர் தன் பெயரையும் பதிப்பையும் சொல்லும்.

5. 0105 என்று டைப் செய்திடுங்கள். இது இன்ஜின் குளிர்விக்கும் நீரின் வெப்பம் என்ன என்று கேட்கும் கேள்வி. 41 05 78 என்று பதில் வந்தால், 78 என்ற ஹெக்ஸா டெசிமல் எண்ணை விண்டோஸ் கால்குலேட்டரில் புரோகிராமர் நிலையில் மாற்றுங்கள். 120 வரும். அதில் 40 கழித்தால் 80 டிகிரி. மைனஸ் 40ஐயும் ஒரே பைட்டில் எழுத முடிய வேண்டும் என்பதற்காகவே இந்த 40 கூட்டி அனுப்பப்படுகிறது.

6. இப்போது 03 என்று டைப் செய்திடுங்கள். மெமரியில் உள்ள கோளாறு எண்கள் வரும். 43 01 01 83 என்று வந்தால், 43 என்பது 03க்கான பதில். அடுத்த 01, ஒரு கோளாறு இருக்கிறது என்பது. மீதி 01 83 என்பதுதான் நம் பி0183. பழைய வகைத் தொடர்பு முறை உள்ள கார்களில் எண்ணிக்கை இல்லாமல் 43 01 83 00 00 00 00 என்று வரும்.

முதல் இலக்கம்தான் எழுத்தையும் சொல்கிறது. 0 முதல் 3 வரை என்றால் பி, அதாவது இன்ஜின் பகுதி. 4 முதல் 7 வரை சேஸிஸ். 8 முதல் பாடி. கடைசி நான்கு மதிப்புகள் காருக்குள் உள்ள நெட்வொர்க்.

ஓர் எச்சரிக்கை: 04 என்று டைப் செய்தால் எல்லாக் கோளாறுகளும் அழிந்துவிடும். கோளாறு ஏற்பட்ட நேரத்தில் வேகம் என்ன, இன்ஜின் சூடு என்ன என்று சேமிக்கப்பட்டிருந்த விவரங்களும் சேர்ந்து போய்விடும். எனவே முதலில் எல்லாவற்றையும் நோட்பேடில் காப்பி செய்து சேவ் செய்திடுங்கள். புரியாத கட்டளைகளை அனுப்பாதீர்கள்.

போனட்டைத் திறந்த பின்

இனி வேண்டியது ஒரு டிஜிட்டல் மல்டி மீட்டர். பல கார்களில் இந்தச் சென்சார் பம்பின் மேலோ, ஃபில்டர் அருகிலோ, டீசல் திரும்பி வரும் குழாயிலோ இருக்கும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். டீசல் குழாய் எதையும் கழற்றக் கூடாது. காமன் ரெயில் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அது உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம். நம் சோதனைகள் எல்லாமே கனெக்டரில் செய்வதுதான்.

முதல் சோதனை: இரவு முழுவதும் நின்ற காரில், காலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் சாவியை ஆன் செய்து, குளிர்விக்கும் நீர், உள்ளே வரும் காற்று, டீசல் மூன்றின் வெப்ப நிலையையும் பாருங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். டீசலின் வெப்பத்தை எளிய புரோகிராம்கள் காட்டாமல் போகலாம். அந்தக் கம்பெனி காருக்கான ஸ்கேனர் காட்டும். கோளாறு பதிவான பிறகு இசியு தன் பொதுவான அளவையே திரையில் காட்டக்கூடும். எண் அசையாமல் நின்றால் அதை நம்ப வேண்டாம்.

இரண்டாவது சோதனை: சாவியை ஆஃப் செய்து, சென்சார் கனெக்டரைக் கழற்றுங்கள். பின்களில் பச்சைத் துரு, தண்ணீர், வளைந்த பின் இருக்கிறதா? பிறகு சென்சாரின் இரண்டு பின்களுக்கு இடையே ஓம் அளந்து மேனுவலோடு ஒப்பிடுங்கள்.

மூன்றாவது சோதனை: சாவியை ஆன் செய்து, வயர் பக்கத்துக் கனெக்டரின் இரண்டு பின்களுக்கு இடையே வோல்டேஜ் பாருங்கள். 5 வோல்ட் வந்தால் இரண்டு வயர்களும் இசியுவும் நலம். வராவிட்டால், மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி எர்த்தில் வைத்து, சிவப்பு முனையால் ஒவ்வொரு பின்னாகப் பாருங்கள். ஒரு பின்னில் 5 வோல்ட் வந்தால் சிக்னல் வயர் சரி. திரும்பிப் போகும் வயர்தான் அறுந்திருக்கிறது. எதிலும் வராவிட்டால் சிக்னல் வயர் அறுந்திருக்கிறது அல்லது ஷார்ட் ஆகியிருக்கிறது. இசியுவைச் சந்தேகிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

நான்காவது சோதனை: ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டே கனெக்டரைக் கழற்றுங்கள். பி0182 இருந்த கார் இப்போது மைனஸ் 40க்குத் தாவினால் வயர் நலம், சென்சாருக்குள்தான் ஷார்ட். தாவவில்லை என்றால் ஷார்ட் வயரில். பி0183 என்றால் இதற்கு நேர் எதிர்: கழற்றிய கனெக்டரின் இரண்டு பின்களையும் ஒரு சிறு வயரால் இணைத்தால் வெப்பம் உச்சத்துக்குத் தாவ வேண்டும். தாவினால் சென்சார் அல்லது கனெக்டர், தாவாவிட்டால் வயர். பின்களை மேனுவலில் உறுதி செய்த பிறகே இணையுங்கள். 12 வோல்ட் வரும் பின்னைத் தொட்டால் இசியு போய்விடும்.

பி0184 போல வந்து வந்து போகும் கோளாறு என்றால், மீட்டரை இணைத்த நிலையில் வயரை அங்குலம் அங்குலமாக மெதுவாக ஆட்டிப் பாருங்கள். எண் குதிக்கும் இடத்தில் கோளாறு இருக்கிறது.

ஓர் உண்மைக் கணக்கு

எங்கள் தெருவில் ஒரகடத்துக்கு இரவு ஷிப்ட் ஆட்களை ஏற்றிச் செல்லும் டிரைவர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவருடைய டீசல் காரில் விளக்கு எரிந்தது. மேம்பாலம் ஏறும்போது இழுவை இல்லை. ஒரு ஒர்க்ஷாப்பில், இந்தச் சென்சார் பம்போடு சேர்ந்தது, பம்பையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். "தம்பி, பம்ப் விலை கேட்டாலே தலை சுத்துது. இந்த மாச டியூவும் கட்டணும். மாத்துனா சரியாயிடுமா, அதையாவது பாத்துச் சொல்லு" என்றார்.

லேப்டாப்பில் 43 01 01 83 என்று வந்தது. அப்படியானால் எங்கோ அறுந்திருக்கிறது. சென்சாரின் இரண்டு பின்களில் அளந்தபோது சுமார் 1,700 ஓம். காலை வெயிலில் சுமார் 30 டிகிரிக்கு அது பொருத்தமான அளவு. மேனுவல் அட்டவணையும் அதையே சொன்னது. அறுந்த சென்சார் இப்படிக் காட்டாது. அடுத்து வயர் பக்கம். இரண்டு பின்களுக்கு இடையே 0 வோல்ட். பேட்டரி எர்த்தோடு அளந்தால் ஒரு பின்னில் 5 வோல்ட். ஆக, சென்சார் நலம், சிக்னல் வயர் நலம், திரும்பிப் போகும் வயர்தான் குற்றவாளி. பம்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கனெக்டரிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கிளாம்பு பிடித்திருந்த இடத்தில் வயர் தொட்டால் துவண்டது. மேல் உறை கிழியவில்லை. ஒரு சிறு வெடிப்பு மட்டும். ஆட்டோ எலக்ட்ரீஷியன் அதைப் பிளந்தபோது உள்ளே செம்பு பச்சைப் பொடியாக இருந்தது. அரை அடி வயர் சேர்த்து, ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டுச் சூடாக்கி மூடினார். 04 கொடுத்துக் கோளாறை அழித்துவிட்டு, பூந்தமல்லி வரை போய் வந்து மீண்டும் 03 கேட்டோம். பட்டியல் காலி. அன்று இரவு ஷிப்ட்டுக்கு வண்டி போனது.

தண்ணீரும் செம்பும்

இந்தப் பச்சைப் பொடி எங்கள் பகுதிக்குப் புதிதல்ல. 2015 டிசம்பர் 1ந் தேதி கனமழையின்போது செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டு, அடையாற்றின் கரையோரம் ஏராளமான கார்கள் மூழ்கின. மூழ்கிய காரில் இன்ஜினைக் கழுவி ஓட்டிவிடலாம். ஆனால் கனெக்டருக்குள் புகுந்த தண்ணீர், வெடிப்பு வழியாக வயருக்குள்ளும் ஊறும். செம்பு அரிக்க மாதங்கள், சில சமயம் வருடங்கள் கூட ஆகும். எனவே பழைய கார் வாங்குபவர்கள், மழை வெள்ளத்தில் நின்ற கார் என்று தெரிந்தால் ஒரு தடவையாவது 03 கேட்டுப் பார்ப்பதும், தரை மட்டத்துக்கு அருகில் உள்ள கனெக்டர்களைத் திறந்து பார்ப்பதும் நல்லது.

நினைவில் கொள்ள வேண்டியவை:

* விளக்கு எரிந்ததும் எண்ணை அழிக்காதீர்கள், எழுதி வையுங்கள்.
* பி0182, பி0183 இரண்டும் திசையைத்தான் சொல்கின்றன. எந்தப் பாகம் என்று சொல்வதில்லை.
* மீட்டர் சொல்லும் வரை எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள். மெக்கானிக்கிடம் கொடுப்பதானாலும், "ஓம் எவ்வளவு, 5 வோல்ட் வருகிறதா?" என்று கேளுங்கள்.
* வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். அந்தச் சாக்கெட்டில் 16வது பின்னில் எப்போதும் பேட்டரி மின்சாரம் இருக்கும்; நாள் கணக்கில் விட்டால் பேட்டரி இறங்கிவிடும்.
* ஓடும் காரில் லேப்டாப்பைப் பார்க்க வேண்டியிருந்தால், ஓட்டுபவர் ஒருவர், பார்ப்பவர் ஒருவர் என்று இருக்க வேண்டும்.

கார் இல்லாதவர்களும் எக்ஸெல் பயிற்சியைச் செய்து பாருங்கள். ஓம், வோல்டேஜ் இரண்டையும் தேர்ந்தெடுத்து ஒரு சார்ட் வரைந்தால், சூடு ஏற ஏற வளைவு எப்படி இறங்குகிறது என்று தெரியும். காரில் இருக்கும் காற்று, நீர் வெப்பச் சென்சார்கள் பெரும்பாலும் இதே முறையில்தான் வேலை செய்கின்றன. ஒன்றைப் புரிந்து கொண்டால் மற்றவற்றையும் இதே நான்கு சோதனைகளால் பார்த்துவிடலாம்.